நாலு மணி நேரக் கதை

2017 டிசம்பரில் உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் ஒரு செய்தியைக் கொட்டை எழுத்தில் போட்டன. கூகுள் குடும்பத்து டீப்மைண்ட் நிறுவனம் ஆல்ஃபாஜீரோ என்று ஒரு புரோகிராம் செய்திருக்கிறது. அதற்கு செஸ் விதிகளை மட்டும்தான் சொல்லிக் கொடுத்தார்களாம். தனக்குத்தானே ஆடிப் பழகி, நாலே மணி நேரத்தில், செஸ் எஞ்சின்களில் பெரிய பயில்வானான ஸ்டாக்ஃபிஷ்ஷை மிஞ்சிவிட்டதாம். 100 ஆட்டத்தில் 28 வெற்றி, 72 டிரா, தோல்வி பூஜ்யம். மனித குலம் நூற்றாண்டுகளாகச் சேர்த்துவைத்த செஸ் ஞானத்தை, மத்தியானச் சாப்பாட்டுக்கும் சாயங்கால டிபனுக்கும் நடுவில் கற்றுத் தேர்ந்துவிட்டது என்றால் யாருக்குத்தான் வாய் பிளக்காது?

இன்றைக்கும் செயற்கை அறிவு பற்றி மேடையேறிப் பேசுகிறவர்கள் இந்த நாலு மணி நேரத்தை விடுவதில்லை. கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. வெறும் சலிப்பு என்றால் காதைப் பொத்திக்கொண்டு போயிருப்பேன். இந்தக் கதையைத் திருப்பித் திருப்பிச் சொல்வதால், பல வருஷம் சம்பளமில்லாமல் உழைத்த ஒரு கூட்டத்தின் வேலை மறைந்துபோகிறது. அதுதான் உறுத்துகிறது.

முதலில் அந்த நாலு மணி நேரத்தைப் பிரித்துப் பார்ப்போம். ஆல்ஃபாஜீரோ தனக்குத்தானே ஆடிய ஆட்டங்களை உற்பத்தி செய்ய 5,000 சிறப்புச் சில்லுகள் ஒரே சமயத்தில் ஓடின. இது அவர்களே வெளியிட்ட கட்டுரையில் இருக்கிற தகவல். 5,000 சில்லு, 4 மணி நேரம். பெருக்கினால் 20,000 மணி. ஒரே ஒரு சில்லை வைத்து ராப்பகலாக ஓட்டியிருந்தால் இரண்டே கால் வருஷத்துக்குமேல் ஆகும். 5,000 கொத்தனார்களைக் கூட்டிவந்து ஒரு மத்தியானத்தில் வீடு கட்டி முடித்துவிட்டு, 'பார், வீடு கட்ட நாலு மணி நேரம் போதும்' என்றால் ஒப்புக்கொள்வீர்களா? கணக்கைக் கட்டுரைக்குள் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார்கள். தலைப்புச் செய்திக்கு வந்தது என்னவோ மணி நேரம் மட்டும்தான். சில்லுகள் வரவில்லை.

அடுத்தது, போட்டி நடந்த லட்சணம். எதிரே உட்காரவைத்தது ஸ்டாக்ஃபிஷ் 8. அது 2016 நவம்பரில் வந்தது, அதாவது ஒரு வருஷப் பழசு. யோசித்த நிலைகளை ஞாபகம் வைத்துக்கொள்ள அதற்குக் கொடுத்த இடம் 1 ஜிகாபைட். 64 திரியில் ஓடுகிற எஞ்சினுக்கு இது யானைக்கு டம்ளரில் தண்ணீர் வைத்த மாதிரி. நேரமும் ஒரு நகர்த்தலுக்குச் சரியாக ஒரு நிமிஷம். ஸ்டாக்ஃபிஷ்ஷில் நேரத்தைப் பங்குபோடுவதற்கென்றே தனிப் பகுதி உண்டு. சிக்கலான இடத்தில் நின்று யோசிக்கும், சுலபமான இடத்தில் தாண்டிப் போகும். நிமிஷக் கணக்கைக் கட்டிவிட்டதில் அந்தக் கெட்டிக்காரத்தனம் வீணாய்ப் போனது. ஸ்டாக்ஃபிஷ்ஷை ஆரம்பித்தவர்களில் ஒருவரான நார்வேக்காரர் டோர்ட் ரோம்ஸ்டாட் அப்போதே இதைச் சொல்லி ஆட்சேபித்தார். 100 ஆட்டம் ஆடியதில் அன்று வெளியிட்டது பத்து.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷம் கழித்து, 2018 டிசம்பரில், 'சயின்ஸ்' இதழில் முழுக் கட்டுரை வந்தது. இந்தத் தடவை ஆட்டத்துக்கு 3 மணி நேரம், நகர்த்தலுக்கு 15 வினாடி கூடுதல், தாராளமான ஞாபக இடம் என்று ஒழுங்காகவே வைத்திருந்தார்கள். 1,000 ஆட்டத்தில் ஆல்ஃபாஜீரோ 155 ஜெயித்தது, 6 தோற்றது, மீதி 839 டிரா. ஆகவே அது நிஜமாகவே பலசாலிதான். ஆடிய செஸ்ஸும் அழகு. காயை வெட்டுக் கொடுத்துவிட்டு எதிராளியை மெல்ல மூச்சுத் திணறவைக்கிற ஆட்டங்களை கிராண்ட்மாஸ்டர்களே ரசித்தார்கள். அதன் பலத்தோடு எனக்குச் சண்டை இல்லை.

அந்த புரோகிராம் இன்றைக்கு எங்கே? அதைத்தான் கேட்கிறேன். வெளியார் யாரும் அதோடு உட்கார்ந்து ஆட முடியவில்லை. பொதுப் போட்டி எதற்கும் அது வரவில்லை. செய்முறையை எழுதினார்கள், சரி. செய்த பண்டத்தைக் கண்ணில் காட்டவில்லை. சமைத்தவரே சாப்பிட்டு, சமைத்தவரே ஏப்பம் விட்டு, சமைத்தவரே 'பிரமாதம்' என்று எழுதிக்கொள்கிற ஓட்டலுக்கு என்ன மதிப்பு கொடுப்பீர்களோ, அதைத்தான் நானும் கொடுப்பேன்.

இது புது வழக்கமும் இல்லை. 1996ல் பிலடெல்பியாவில் ஐ.பி.எம்.மின் டீப் புளூ, காஸ்பரோவிடம் 4-2 என்று தோற்றது. அடுத்த வருஷம் மே மாதம் நியூயார்க்கில், வினாடிக்கு 20 கோடி நிலைகளை அலசும் புது வெர்ஷனோடு வந்து, மூன்றரைக்கு இரண்டரை என்று ஜெயித்தது. காஸ்பரோவ் மறு போட்டி கேட்டார். ஐ.பி.எம். மாட்டேன் என்றது. இயந்திரத்தைக் கழற்றிவிட்டார்கள். ஒரு பாதி வாஷிங்டனில் ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்தில், இன்னொரு பாதி கலிஃபோர்னியாவில் கணினி அருங்காட்சியகத்தில். கல்லூரியில் சில்லு வடிவமைக்க ஆரம்பித்து, பத்து வருஷத்துக்குமேல் இதற்கே உழைத்தவர் ஃபெங் ஸியுங் ஷு. அவர் கையிலிருந்த வேலையும் அந்தக் கண்ணாடிப் பெட்டியோடு நின்றுபோனது. ஜெயித்த மறுநாளே ஓய்வு கொடுத்து அலமாரியில் வைத்துவிட்டால் அப்புறம் தோல்வி ஏது?

இதற்கு நேர் எதிரான சமாசாரம் ஒன்று உண்டு. அதற்கு மேடையும் கிடையாது, ஃபோட்டோவும் கிடையாது.

2005ல் ஃபேபியன் லெட்டூஸே என்ற பிரெஞ்சுக்காரர் 'ஃப்ரூட்' என்ற செஸ் எஞ்சினின் சோர்ஸ் கோடு முழுவதையும் இலவசமாக வெளியிட்டார். சோர்ஸ் கோடு என்றால் சமையல் குறிப்பு, அளவு, பக்குவம் எல்லாம். அந்த வருஷம் ரெய்க்யவிக் உலகப் போட்டியில் ஃப்ரூட் இரண்டாம் இடம் பிடித்தது. அப்படிப்பட்ட பலசாலியின் உள்ளே என்ன இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றானதும் உலகமெங்கும் செஸ் புரோகிராம் எழுதுகிறவர்கள் விழித்துக்கொண்டார்கள். ரோம்ஸ்டாட் தன்னுடைய 'க்ளாரங்' எஞ்சினை அதே மாதிரி திறந்து வைத்தார். 2008ல் இத்தாலிக்காரர் மார்கோ கோஸ்டால்பா அதை எடுத்து, சுத்தம் செய்து, ஸ்டாக்ஃபிஷ் என்று பெயர் வைத்தார். ஸ்டாக்ஃபிஷ் என்றால் நார்வேக் கருவாடு. நார்வேயில் காயவைத்தது, இத்தாலியில் சமைத்தது என்று வேடிக்கையான பெயர்க் காரணம். பின்லாந்திலிருந்து யூனா கீஸ்கி வந்து சேர்ந்துகொண்டார்.

இதற்குமேல் நடந்ததுதான் எனக்கு முக்கியம். அது கொஞ்சம் கணக்கு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

செஸ் எஞ்சினை மேம்படுத்துகிறேன் என்று யாராவது கிளம்பினால் முதலில் வருவது ஆசை. 'யானைக்குத் திறந்த வரிசை கிடைத்தால் மதிப்பைக் கொஞ்சம் கூட்டலாமே, ராஜாவுக்கு முன்னால் சிப்பாய் இல்லையென்றால் கொஞ்சம் குறைக்கலாமே' என்று தோன்றும். மாற்றி எழுதி, பழைய வெர்ஷனோடு 100 ஆட்டம் ஆடவிட்டால் 54-46 என்று புதுசு ஜெயிக்கும். ஆஹா! ஒரு பெரிய எண்ணைப் போட்டுப் புது வெர்ஷன் வெளியிட்டுவிடலாம். பல பேர் பல வருஷம் அப்படித்தான் செய்தார்கள்.

ஆனால் 54-46க்கு அர்த்தமே இல்லை. நாணயத்தை 100 தடவை சுண்டினால் 54 தலை விழுவது சகஜம். அதனால் அந்த நாணயம் முன்னேறிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. செஸ் பலத்தை எலோ புள்ளியில் அளக்கிறார்கள். (சுருக்கெழுத்து என்று நினைத்துவிடாதீர்கள், அர்பாத் எலோ என்ற பௌதிகப் பேராசிரியரின் பெயர்.) நன்றாக வளர்ந்துவிட்ட எஞ்சினுக்கு ஒரு நல்ல யோசனை கொடுப்பது 2 எலோ. அதாவது 1,000 ஆட்டத்தில் 500க்குப் பதிலாக 503 புள்ளி. இந்த மூன்று புள்ளி திறமையா அதிர்ஷ்டமா என்று நிச்சயமாகத் தெரிந்துகொள்ளப் பல்லாயிரம் ஆட்டங்கள் வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓட்டினால் ஒரு யோசனையைச் சோதிப்பதற்குள் பெண்ணுக்குக் கல்யாணமே ஆகிவிடும்.

2013ல் கேரி லின்ஸ்காட் என்பவர் இதற்கு ஒரு வழி செய்தார். ஃபிஷ்டெஸ்ட். உலகெங்கும் ஆர்வலர்கள் தங்கள் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நேரத்தைத் தானமாகக் கொடுப்பார்கள். யார் வேண்டுமானாலும் ஒரு மாற்றத்தை எழுதிச் சமர்ப்பிக்கலாம். அது அந்த இயந்திரங்களுக்கெல்லாம் பிரிந்து போய், பழைய வெர்ஷனோடு மோதும். முதல் சுற்றில் ஆளுக்குப் பத்து வினாடி, நகர்த்தலுக்குப் பத்தில் ஒரு பங்கு வினாடி கூடுதல், அவ்வளவுதான். கண் சிமிட்டுகிற வேகத்தில் ஆட்டங்கள் குவியும். தேறினால் நீண்ட நேர ஆட்டத்தில் இரண்டாவது சோதனை. எத்தனை ஆட்டம் என்று முன்கூட்டி முடிவு செய்வதில்லை. 'இது நல்லதுதான்' அல்லது 'இது உதவாது' என்று கணக்கு உறுதி சொல்லும் வரை ஆடும். அப்படி ஆடி முடித்த ஆட்டங்கள் 100 கோடியைத் தாண்டி எத்தனையோ காலமாகிவிட்டது.

பெரும்பாலான யோசனைகள் தோற்றுப்போகும். அதுவும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, சிவப்பு நிறத்தில், யோசனை சொன்னவரின் பெயரோடு. நீங்கள் டாக்டர் பட்டம் வாங்கியவரா, கிராண்ட்மாஸ்டரா, பதினாறு வயதுப் பையனா என்று ஃபிஷ்டெஸ்ட் விசாரிப்பதில்லை. 'இருபது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன்' என்கிற பேச்சு அங்கே செல்லாது. நம் ஊர் ஆபீஸ்களில் இப்படி ஒரு இயந்திரத்தை வைத்தால் எத்தனை மேனேஜர்கள் மறுநாள் வேலைக்கு வருவார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். சிரிப்பு வந்தது.

இன்னொரு நல்ல வழக்கம், நீக்குவது. பழைய வரி ஒன்றை எடுத்துவிட்டு ஓட்டுவார்கள். பலம் குறையவில்லை என்று தெரிந்தால் அந்த வரி போயிற்று. எழுதியவர் யாராக இருந்தால் என்ன? சேர்ப்பதற்கு எவ்வளவு மரியாதையோ அவ்வளவு மரியாதை கழிப்பதற்கும். இதன் உச்சம் 2024 பிப்ரவரியில் வந்த 16.1 வெர்ஷன். யானைக்கு இவ்வளவு, சிப்பாய்க்கு இவ்வளவு, ராஜாவின் பத்திரத்துக்கு இவ்வளவு என்று பதினைந்து வருஷம் கையால் செதுக்கிய மதிப்பீட்டுப் பகுதி முழுவதையும் தூக்கிவிட்டு வந்த முதல் வெர்ஷன் அது. நியூரல் நெட்வொர்க் அதைவிட நன்றாக மதிப்பிடுகிறது என்று சோதனை சொன்னது, எடுத்தார்கள். அதில் எத்தனை பேருடைய ராத்திரித் தூக்கம் இருந்திருக்கும்! அது போனதற்கு ஒரு விழாவும் இல்லை, அறிக்கையும் இல்லை. வெளியீட்டுக் குறிப்பில் ஒரு பத்தி.

அந்த நியூரல் நெட்வொர்க் எங்கிருந்து வந்தது? ஆல்ஃபாஜீரோவிலிருந்து வரவில்லை. ஷோகி என்கிற ஜப்பானிய சதுரங்கத்துக்காக 2018ல் யூ நாசு என்பவர் கண்டுபிடித்த முறை. சாதாரண கம்ப்யூட்டரிலேயே வேகமாக ஓடக்கூடியது. இன்னொரு ஜப்பானியரான ஹிசயோரி நோடா அதை ஸ்டாக்ஃபிஷ்ஷுக்குப் பொருத்தினார். கோடு திறந்து கிடந்ததால் யாரிடமும் போய் அனுமதிக்கு நிற்க வேண்டியிருக்கவில்லை. 2020 செப்டம்பரில் வந்த 12ஆம் வெர்ஷன், 11ஆம் வெர்ஷனோடு மோதினால் ஒன்று தோற்கும் இடத்தில் பத்து ஜெயிக்கும் என்று அறிவித்தார்கள். யார் வேண்டுமானாலும் ஓட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம். பார்த்தார்கள்.

ஆல்ஃபாஜீரோவின் செய்முறையைப் படித்துவிட்டு அதைத் திறந்தவெளியில் மறுபடி செய்து காட்டியவர்களும் ஆர்வலர்களே. 2018ல் அதே லின்ஸ்காட் தொடங்கிவைத்த லீலா செஸ் ஜீரோ. ஆயிரக்கணக்கான வீட்டுக் கம்ப்யூட்டர்களில் மாதக்கணக்கில் தனக்குத்தானே ஆடி வளர்ந்து, 2019ல் எஞ்சின்களுக்கான பெரிய போட்டியின் இறுதிச் சுற்றில் ஸ்டாக்ஃபிஷ்ஷையே வென்றது. எதிரியா? லீலா தன் ஆட்டங்களைப் பொதுவில் வைத்தது. இன்றைய ஸ்டாக்ஃபிஷ்ஷின் நெட்வொர்க் பயின்றது பெரும்பாலும் அந்த ஆட்டங்களில்தான். எதிரி வயலில் விளைந்த நெல்லை எதிரியே அளந்து கொடுத்த மாதிரி.

இவ்வளவு தாராளமாக வைத்தால் கை வைக்கிறவர்களும் வருவார்கள் இல்லையா. 2021ல் ஜெர்மனியின் செஸ்பேஸ் நிறுவனம் 'ஃபேட் ஃப்ரிட்ஸ் 2' என்ற எஞ்சினை ஏறக்குறைய 100 யூரோவுக்கு விற்க ஆரம்பித்தது. உள்ளே இருந்தது ஸ்டாக்ஃபிஷ். நெட்வொர்க்கை மட்டும் மாற்றி, இங்கே அங்கே சில எண்களைத் தொட்டிருந்தார்கள். விற்றதில் குற்றமில்லை. ஸ்டாக்ஃபிஷ்ஷின் உரிமம் விற்கவும் அனுமதிக்கிறது. வாங்குகிறவனுக்கு உள்ளே என்ன இருக்கிறது, அதன் மேல் அவனுக்கு என்ன உரிமை என்று சொல்லவேண்டும், கேட்டால் கோடைத் தரவேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அதைக்கூடச் சரியாகச் செய்யவில்லை என்று ஸ்டாக்ஃபிஷ்காரர்கள் மியூனிக் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2022 நவம்பரில் சமரசம். ஃபேட் ஃப்ரிட்ஸ் 2 விற்பனை நிறுத்தம், ஒரு வருஷத்துக்கு ஸ்டாக்ஃபிஷ் கலந்த எதையும் விற்கக் கூடாது, இலவச மென்பொருள் உரிமங்களைக் கவனிக்க நிறுவனத்தில் ஓர் ஆளை நியமிக்கவேண்டும். ஊர்க் கிணற்றில் மொண்டு பாட்டிலில் அடைத்து விற்றவருக்கு ஒரு வருஷம் கிணற்றடிக்கு வரத் தடை.

அதற்கு முன்னால் ரிப்கா விவகாரம். 2007 முதல் 2010 வரை உலகப் பட்டங்களை வாங்கிய எஞ்சின். அதில் ஃப்ரூட்டின் கோடு இருக்கிறது என்று சொல்லி 2011ல் கணினி செஸ் சங்கம் பட்டங்களைப் பிடுங்கி, அதன் ஆசிரியர் வாசிக் ராய்லிக்குக்கு ஆயுள் தடை போட்டது. அவர் மறுத்தார். 2015ல் ஃபிடேயின் நெறிக் குழு, ஆயுள் தடை விதித்த விதம் தவறு என்றது. யார் சொன்னது சரி என்று இன்னமும் அடித்துக்கொள்கிறார்கள். இவ்வளவு ரகளையும் எதனால்? ரிப்காவின் கோடு பூட்டி இருந்ததால். இயந்திர மொழியைப் பிரித்துப் பார்த்து, ரேகை சாஸ்திரம் மாதிரி ஊகிக்கவேண்டி இருந்தது. திறந்திருந்தால் ஒரு ராத்திரியில் தீர்ந்திருக்கும்.

'எல்லாம் சரி, பெரிய கம்பெனி பணம் கொட்டியிருக்காவிட்டால் நியூரல் நெட்வொர்க்கை செஸ்ஸில் யார் நம்பியிருப்பார்கள்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். டீப்மைண்ட் பாதையைக் காட்டியது. அதை யாரும் பறிக்கவில்லை. ஆனால் காட்டிய ஒரு நாளைக்கு இவ்வளவு வெளிச்சமும், நடந்த பதினைந்து வருஷத்துக்கு இருட்டும் என்பது என்ன கணக்கு?

செஸ்ஸோடு முடிகிற விஷயமாகவும் இது தெரியவில்லை. என் செல்போனில் ஒரு வங்கி ஆப் இருக்கிறது. பத்து நாளைக்கு ஒரு முறை புது வெர்ஷன். 'பிழைகள் சரிசெய்யப்பட்டன, அனுபவம் மேம்படுத்தப்பட்டது' என்று ஒரு வரி. யாருடைய அனுபவம்? எதைவிட மேம்பட்டது? யார் அளந்தார்கள்? போன வெர்ஷனில் இரண்டு தட்டில் வந்த பாஸ்புக் இதில் ஐந்து தட்டு கேட்கிறது. செயற்கை அறிவு வியாபாரிகளும் மாசத்துக்கு ஒரு புது எண்ணை ஏலம் விடுகிறார்கள். 'முந்தையதைவிட இத்தனை சதவிகிதம் புத்திசாலி' என்று அவர்களே கேள்வித்தாள் எடுத்து, அவர்களே திருத்தி, அவர்களே மார்க் போட்டுக்கொள்கிறார்கள். நாமும் கைதட்டி, சந்தா கட்டி வாங்குகிறோம். ஃபிஷ்டெஸ்ட் மாதிரி வெளியார் கையில் அளவுகோலைக் கொடுங்கள் என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

சென்னையில் செஸ் கற்கும் குழந்தைகளின் அப்பா அம்மாக்களுக்கு இதன் அருமை தெரியும். ஒரு காலத்தில் நல்ல எஞ்சின் என்றால் சி.டி. பெட்டி, விலை யூரோவில். இப்போது அம்பத்தூர் ஒண்டுக்குடித்தனத்தில் இருக்கும் பையனின் பழைய போனிலும் உலக சாம்பியன் பயன்படுத்துகிற அதே ஸ்டாக்ஃபிஷ் ஓடுகிறது, பைசா செலவில்லாமல். குகேஷை அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா சின்ன வயதில் எஞ்சின் பக்கமே போகவிடாமல் வைத்திருந்தார் என்பது பிரசித்தம். 2024ல் அவர் உலக சாம்பியன் ஆனதும் பல வீடுகளில் எஞ்சினுக்குத் தடை விழுந்திருக்கும். அது வேறு விவாதம். ஆனால் வேண்டாம் என்று ஒதுக்கிவைப்பதற்கும், காசில்லாமல் ஏங்குவதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

2025 மார்ச்சில் ஸ்டாக்ஃபிஷ் 17.1 வந்தது. இறக்கிக்கொள்ள ஒரு நிமிஷம் ஆகாது. டீப்மைண்டுக்கு ஒரு யோசனை. 1,000 ஆட்டத்தில் 155 ஜெயித்த அந்த ஆல்ஃபாஜீரோவைக் கிடங்கிலிருந்து எடுத்து, பொது இடத்தில், நடுவர் முன்னிலையில், இந்த 17.1க்கு எதிரே ஒரே ஒரு தடவை உட்காரவைக்கட்டும். நேரக் கட்டுப்பாட்டை அவர்களே சொல்லட்டும். எத்தனை சில்லு வேண்டுமோ போட்டுக்கொள்ளட்டும். பதில் வராது என்று தெரியும். 1997ல் காஸ்பரோவுக்கும் வரவில்லை.